முதுகுக்கு யாரும் போஸ் கொடுப்பதில்லை

செத்தவர்களுக்குச் சட்டை மாட்டிவிடுவது என் தொழில். பயப்பட வேண்டாம், கம்ப்யூட்டரில்தான். வில்லியனூரில் ரயில்வே ஸ்டேஷன் போகிற ரோட்டில் ஃப்ளெக்ஸ் கடை வைத்திருக்கிறேன். என் பெயர் தமிழ்க்குமரன். கல்யாணம், காதுகுத்து, கட்சிக்காரன் பிறந்தநாள் என்று எல்லாவற்றுக்கும் பேனர் அடிப்பேன். ஆனால் கடையை ஓட்டுவது சாவுதான். சங்கு ஊதுவதற்குள் என் வாட்ஸ்அப்புக்கு போட்டோ வந்துவிடும். போட்டோவில் அந்த மனிதர் அழுக்கு லுங்கியோடு மாட்டுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருப்பார். கூடவே மகனின் குரல் வரும்: "அண்ணே, அப்பாவுக்கு ஒரு வெள்ளச் சட்ட போட்டு உடு. கோட்டு போட்டாலும் நல்லாத்தான் இருக்கும். பின்னாடி மேகம் வெச்சுடு."

நானும் கோட்டு போடுவேன். ஆயுசுக்கும் மஞ்சள் கயிறு தவிர ஒன்றும் கண்டிராத கிழவிக்கு ரெட்டை வடச் சங்கிலி போடுவேன். கீழே 'துயரில் பங்குகொள்ளும் நண்பர்கள்' என்று கூலிங் கிளாஸ் போட்ட தலைகளை வரிசையாக அடுக்குவேன். அதில் ஒரு தலை விட்டுப்போனால் பிணம் கிடக்கிற வீட்டிலேயே கைகலப்பு வந்துவிடும். துக்கம் ஒரு பக்கம், மானம் ஒரு பக்கம்.

இந்த பேனர்களை எடுத்துப்போய்த் தெருமுனையில் கட்டியவர் ஜெயசீலன். அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். போன பிறகு அவர் வரைந்த படங்களை டவுனில் கண்காட்சியாக வைத்தார்கள். அங்கே நடந்ததைச் சொல்ல வேண்டுமென்றால் முதலில் அவரைச் சொல்ல வேண்டும்.

சங்கராபரணி ஆற்றை ஒட்டிய காலனி அவர்களுடையது. அப்பா மரியதாஸ் கடைசிவரை அடுத்தவன் நிலத்தில் கூலிவேலை பார்த்தவர். ஜெயசீலனும் பத்தாவதில் கோட்டைவிட்டுவிட்டு நடவு, அறுப்பு, கரும்பு வெட்டு என்று போனார். ஒரு தேர்தலில் சுவருக்கு வெள்ளையடிக்கப் போன இடத்தில், சின்னம் வரைகிறவன் குடித்துவிட்டு விழுந்து கிடக்க, பிரஷ் இவர் கைக்கு வந்தது. இவர் வரைந்த சின்னம் அவன் வரைந்ததைவிட நன்றாக இருந்ததாம். கட்சி தோற்றுவிட்டது, அது வேறு விஷயம். நான் கடை திறந்தபோது வேலை கேட்டு வந்தார். சவுக்குக் கழி, ரீப்பர் சட்டம், கயிறு, ஏணி எல்லாவற்றையும் ஒரு டிவிஎஸ் எக்ஸ்எல்லில் கட்டிக்கொண்டு இங்கிருந்து பாகூர்வரை போவார். நல்லவாட்டில் கடற்காற்றுக்கு முன்னால் அவர் கட்டிய பேனர் ஒன்றுகூடக் கிழிந்து நான் பார்த்ததில்லை. என்னை 'ஓனரே' என்றுதான் கூப்பிடுவார். அதில் மரியாதை எவ்வளவு, கேலி எவ்வளவு என்று எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை.

சாவு பேனரில் ஒரு சங்கடம் உண்டு. காரியம் முடிந்ததும் அதை என்ன செய்வது? கல்யாண பேனர் என்றால் வைக்கோல்போர் மேல் போடலாம், குளிக்கிற மறைப்புக்குக் கட்டலாம். அப்பன் மூஞ்சியை வைக்கோல்போர்மேல் போட யாருக்கு மனசு வரும்? வீட்டில் வைத்துக்கொள்ளவும் பயம். "நீயே எடுத்துக்கினு போப்பா" என்று ஜெயசீலனிடம் தள்ளிவிடுவார்கள். அவர் அதை ஒருபோதும் மடிக்க மாட்டார். மடித்தால் மடிப்பு முகத்தில் விழும் என்பார். பாயைப் போலச் சுருட்டித்தான் வண்டியில் வைப்பார்.

அதையெல்லாம் என்ன செய்கிறார் என்று நான் கேட்டதில்லை. ஒருநாள் அவசர வேலைக்காக அவரைத் தேடி வீட்டுக்கே போனேன். ஆட்டுக் கொட்டகையின் பக்கவாட்டில் ஒரு ஃப்ளெக்ஸ் கட்டியிருந்தது. வெள்ளையான அதன் பின்பக்கத்தில், மீந்த எனாமல் பெயிண்டில், ஓர் ஆள் திரும்பி நின்றுகொண்டிருந்தான். தலையில் முண்டாசு, முதுகில் சேறு, இடது தோள் கொஞ்சம் இறங்கியிருந்தது. நான் அந்த ஆளைக் கூப்பிட்டுவிடுவேன் போல இருந்தது.

"யாருப்பா இது?"

"தெரியல? பாகூர் பச்சையப்பன். நீதான கோட்டு போட்டு அனுப்புன."

கொட்டகைக்கு உள்ளே போய்ப் பார்த்தேன். ஆமாம், மறுபக்கம் பச்சையப்பன் என் கோட்டில், என் மேகத்துக்கு நடுவில், ஆடுகளைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். முன்பக்கம் முகம் இருக்கிற அதே இடத்தில் பின்பக்கம் பிடரி இருந்தது.

"வரையறதுதான் வரையற, மூஞ்சிய வரைஞ்சா இன்னா?" என்றேன்.

"மூஞ்சியதான் நீ மாத்திடறியே ஓனரே. நீ மாத்தலன்னாலும் போட்டோன்னா அதுவே மாறிக்குது. அவரு நெலத்துல நாங்க நடவுக்குப் போவசொல்ல, அவரு வரப்புல முன்னாடி போவாரு, நாங்க பின்னாடி போவோம். எனக்கு அவரு முதுகுதான் தெரியும். முதுகுக்கு யாரும் போஸ் குடுக்கறதில்ல."

எனக்குச் சிரிப்புதான் வந்தது. பிழைக்கத் தெரியாத மனுஷன் என்று நினைத்துக்கொண்டு, வேலையைச் சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

அவர் பெண்ணைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. ஆரோக்கியசெல்வி. ஒரே பிள்ளை. ஆறாவது படிக்கும்போது காய்ச்சல் வந்து, அரசாங்க ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடி, துணியில் சுற்றித் திரும்பிக் கொண்டுவந்தார்கள். பதினான்கு வருஷம் ஆகிறது. அவளுக்கும் நான்தான் பேனர் அடித்தேன். சர்ச்சில் புதுநன்மை வாங்கிய அன்று ஸ்டூடியோவில் எடுத்த போட்டோ: வெள்ளை கவுன், தலையில் பூக்கிரீடம், கையில் மெழுகுவர்த்தி, முன்பல் இரண்டும் தெரியும் சிரிப்பு. "ஒண்ணும் மாத்தாத" என்று மட்டும் ஜெயசீலன் சொன்னார். மேகம்கூட வைக்கவில்லை. தானே ஏணியில் ஏறித் தன் பிள்ளையைக் கட்டினார். பார்த்தவர்கள் எல்லாரும் வாயில் துணியை வைத்துக்கொண்டு அழுதார்கள்.

அவர் மனைவி லில்லி மட்டும் அழவில்லை. அடக்கம் முடிந்து வரும்போது பேனரை நிமிர்ந்து பார்த்தவள், "அத்த அவுத்துடு. அந்த மூஞ்சிய இனிமே என் கண்ணுல காட்டாத" என்றாள். ஜெயசீலன் அன்றே அவிழ்த்துவிட்டார். வீட்டில் இருந்த போட்டோவையும் லில்லி டிரங்குப் பெட்டியின் அடியில் போட்டுப் பூட்டினாள். அதற்குப் பிறகு அந்த வீட்டில் பிள்ளையின் பெயர் கிடையாது, பேச்சு கிடையாது. கல்லறைத் திருநாளுக்கு ஊரே மெழுகுவர்த்தியோடு போகும், ஜெயசீலன் மட்டும் தனியாகப் போய்ச் சுண்ணாம்பு அடித்துவிட்டு வருவார். இரண்டு பேரும் ஒரே கூரைக்குக் கீழே ஆளுக்கொரு துக்கத்தை வைத்துக்கொண்டு வாழ்ந்தார்கள்.

ஃபெஞ்சல் புயலில் ஆறு உடைத்துக்கொண்டு காலனிக்குள் வந்தபோது டிரங்குப் பெட்டி முழுக்க நீரில் கிடந்தது. போட்டோ கூழாகிவிட்டது. என் கடையிலும் இடுப்பளவு தண்ணீர். பழைய டிசைன் எல்லாம் இருந்த கம்ப்யூட்டர் செத்தது. அந்த ஸ்டூடியோ எப்போதோ செல்போன் கடையாகிவிட்டது. ஜெயசீலன் வீட்டுப் பரணில், ஆஸ்பெஸ்டாஸுக்கு அடியில் சுருட்டி வைத்திருந்த ஃப்ளெக்ஸ்கள் மட்டும் நனையாமல் பிழைத்தன.

அடுத்த வருஷம் பாகூரில் ஒரு கல்யாண பேனரைக் கட்டிவிட்டு இறங்கி, டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்த ஜெயசீலன் எழுந்திருக்கவில்லை. டீ ஆறிக்கிடந்தது. அவருக்குக் கண்ணீர் அஞ்சலி நான் செய்தேன். கோட்டு போடவில்லை. ஆனால் அதைக் கட்டத் தெரிந்த ஆள்தான் ஊரில் இல்லை. யார் யாரோ கட்டி, அவர் ஒரு பக்கமாகச் சாய்ந்தபடியே மூன்று நாள் தெருமுனையில் நின்றார்.

ஜெயசித்ரா வந்தது அதற்குப் பிறகு. ஓவியக் கல்லூரியில் பாடம் எடுக்கிறவர். தன் மாணவி ஒருத்தி வீட்டுச் சாவுக்குக் காலனிக்கு வந்தவர், ஆட்டுக் கொட்டகையில் பச்சையப்பனின் முதுகைப் பார்த்து நின்றுவிட்டார். லில்லி பரணைக் காட்ட, சுருள் சுருளாக இறக்கினோம். பிரித்தால் எல்லாம் முதுகு. நெல்மூட்டை தூக்குகிற முதுகு, வீராம்பட்டினத்தில் வலை இழுக்கிற முதுகு, மெஷினில் குனிந்து தைக்கிற முதுகு, கம்பெனி பஸ்ஸில் ஏறுகிற பெண்ணின் முதுகு. அடியில் ஒரு சின்னச் சுருள். அதைப் பிரித்ததும் லில்லி எழுந்து உள்ளே போய்விட்டாள். அதன் முன்பக்கம் ஆரோக்கியசெல்வி.

டவுன்காரர்கள் பெரிய பெரிய வார்த்தையாகப் பேசி ஜெயசீலனைக் கெடுத்துவிடுவார்கள் என்று சண்டைக்குத் தயாராக இருந்தேன். ஜெயசித்ரா அதற்கு இடமே கொடுக்கவில்லை. "இதைச் சுவத்துல மாட்டக்கூடாது சார். ரெண்டு பக்கமும் தெரியணும். நடுவுல கயித்துல தொங்கவிடுவோம், ஜனங்க சுத்தி வந்து பாக்கட்டும்" என்றார். அந்தச் சின்னச் சுருளில்தான் சிக்கல். அதுதான் ஜெயசீலன் முதன்முதலில் வரைந்தது; பதினான்கு வருஷ ஆஸ்பெஸ்டாஸ் சூட்டில் மொரமொரவென்று ஆகிவிட்டது. தொங்கவிட்டால் பாரத்தில் கிழியும். பிளைவுட்டில் ஒட்டினால் ஓவியம் பிழைக்கும், ஆனால் முகம் உள்ளே போய்விடும், திரும்ப எடுக்க முடியாது. இதை ஒளிக்காமல் லில்லியிடம் சொன்னார், என்னையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு.

"ஒட்டிடும்மா" என்றாள் லில்லி.

"யோசிச்சு சொல்லு லில்லி, வேற போட்டோ இல்ல. போன்லயாவது ஒண்ணு புடிச்சு வெச்சுக்கறேன்" என்றேன் நான்.

"யோசிக்க இன்னா கீது அண்ணே? போன்லயும் வேணாம், நான் பாக்கப் போறதில்ல. ஊரான் வந்து உச்சு கொட்றதுக்கா எம்பொண்ணு மூஞ்சி?"

ஒட்டிவிட்டார்கள்.

கண்காட்சி டவுனில், கடற்கரைக்கு இரண்டு தெரு தள்ளி, உயரமான சன்னல்கள் வைத்த ஒரு பழைய பங்களாவில் நடந்தது. படத்தில் இருந்தவர்களின் வீட்டுக்கெல்லாம் ஜெயசித்ரா ஆள் அனுப்பியிருந்தார். காலனிக்காரர்கள் வேன் பிடித்து வந்தார்கள். பாகூரிலிருந்து பச்சையப்பன் மனைவி ஆண்டாள் மகனோடு காரில் வந்தாள். எல்லாரும் திருவிழாச் சட்டையோடு, செருப்பை வாசலில் விடுவதா வேண்டாமா என்று தெரியாமல் நின்றார்கள். பாதிப் பேர் விட்டுவிட்டே வந்தார்கள்.

உள்ளே முதுகுகள் கயிற்றில் லேசாக ஆடிக்கொண்டிருந்தன. பிறகு தையல்காரர் வீட்டுப் பெண், "ஐயோ, எங்கப்பா" என்றாள். எப்படித் தெரியும் என்று யாரும் கேட்கவில்லை. ஒவ்வொருவராகத் தங்கள் ஆளைக் கண்டுபிடித்தார்கள். கண்டுபிடித்ததும் எல்லாரும் ஒரே காரியம் செய்தார்கள்: சுற்றிக்கொண்டு மறுபக்கம் போனார்கள், முகத்தைப் பார்க்க. ஆண்டாள் பச்சையப்பனின் முதுகுக்கு முன்னால் வெகுநேரம் நின்றாள். பிறகு பின்னால் போய்க் கோட்டைப் பார்த்தாள். திரும்பவும் முதுகுக்கே வந்தாள்.

"இந்தத் தோளு எறக்கம் கரும்புக் கட்டு தூக்கி வந்தது. கோட்டு போட்டு மறைச்சிட்டீங்களேப்பா" என்று என்னைப் பார்த்து மூக்கைச் சிந்தினாள். போன் செய்து கோட்டு கேட்ட மகன் பக்கத்திலேயே நின்று கூரையைப் பார்த்தான். நானும் அவனைக் காட்டிக்கொடுக்கவில்லை.

லில்லி கடைசியில்தான் உள்ளே வந்தாள். புருஷன் படம் வரைவார் என்பதைத் தவிர அவளுக்கு ஒன்றும் தெரியாது. எதையும் நின்று பார்த்ததில்லை. வாசலோரம் நின்றபடி, ஊர்ச் சனம் படத்தைச் சுற்றிச் சுற்றி வருவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முதுகைப் பார்ப்பார்கள், பின்னால் போவார்கள், அழுவார்கள், முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே வருவார்கள். வரும்போது ஏதோ கொஞ்சம் இறக்கி வைத்தவர்களாக வந்தார்கள். அதைப் பார்க்கப் பார்க்க அவள் கை முந்தானையைச் சுருட்ட ஆரம்பித்தது.

பிறகு நேராக நடந்து, கோடியில் தனியாக நிறுத்தியிருந்த பிளைவுட்டுக்குப் போனாள். அதில் ஒரு பள்ளிக்கூடத்துப் பெண் திரும்பி நடந்து போய்க்கொண்டிருந்தாள். நீலப் பாவாடை, தோளில் பை, ஒரு காலில் சாக்ஸ் இறங்கிக் கிடந்தது. கழுத்துவரைக்கும் எல்லாம் இருந்தது. கழுத்துக்கு மேலே மட்டும் பெயிண்டே இல்லை, வெறும் வெள்ளை. கீழே சீட்டில் 'முற்றுப்பெறாதது' என்று எழுதியிருந்தார்கள்.

லில்லி அங்கே ஒரு நொடிதான் நின்றாள். மற்றவர்கள் செய்ததைப் போலவே சுற்றிக்கொண்டு பின்பக்கம் போனாள். அங்கே பலகை இருந்தது.

"அண்ணே" என்று என்னைக் கூப்பிட்டாள். "இத்த திருப்பச் சொல்லு. ஒரே ஒரு தபா பாத்துட்டு உட்டுடறேன்."

"ஒட்டியிருக்குது லில்லி."

"தெரியும். நான்தான ஒட்டச் சொன்னேன். பிரிக்கச் சொல்லு."

ஜெயசித்ரா ஓடி வந்தார். நான் எதிர்பார்த்தது நியாயம் பேசுவார் என்று, அவர் பேசவில்லை. படத்தைப் பலகையில் ஒட்டிக் கொடுத்த ஆளைக் கூப்பிட்டார். அவன் மெல்லிய பட்டைக் கத்தியைக் கீழ் மூலையில் செருகி, மூச்சைப் பிடித்துக்கொண்டு, நகம் அளவு, விரல் அளவு, உள்ளங்கை அளவு பிரித்தான். எல்லாரும் குனிந்து பார்த்தோம். 'கண்ணீர் அஞ்சலி' என்று நான் சிவப்பில் போட்ட எழுத்து பாதி பலகையோடும் பாதி ஃப்ளெக்ஸோடும் போயிருந்தது. பலகையில் ஒட்டிய பாதி, கண்ணாடியில் பார்ப்பதுபோல் இடம் வலமாகத் திரும்பி, என்ன எழுத்தென்றே தெரியவில்லை.

மேலே முகம் இருக்கிற இடத்துக்கு இன்னும் இரண்டு முழம் இருந்தது. அந்த ஆள் லில்லியை நிமிர்ந்து பார்த்தான். "மேல போனா மூஞ்சியும் இப்பிடித்தாம்மா வரும்" என்றான்.

லில்லி அந்தக் கிழிந்த எழுத்தைப் பார்த்தாள்.

"உட்டுடு" என்றாள்.

தரையில் உட்கார்ந்து பதினான்கு வருஷமாக அழாததை அழுதாள். ஆண்டாள் வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். பாகூரில் அவர்கள் வீட்டு வாசலுக்குள்கூட லில்லி போயிருக்க மாட்டாள். இங்கே ஆண்டாள் ஒரே தரையில் உட்கார்ந்து லில்லியின் முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள். எனக்கு அங்கே நிற்கவும் முடியவில்லை, வெளியே போகவும் முடியவில்லை.

அழுது ஓய்ந்த பிறகு, அவளுக்கு ஏதாவது ஆறுதல் சொல்ல வேண்டுமே என்று நான்தான் வாயைத் திறந்தேன். "சீலன் அந்தத் தலையில மட்டும் பிரஷ் வெக்கல பாத்தியா? பின்னாடி புள்ள மூஞ்சி இருக்குதுன்னு அந்த எடத்துல கை வெக்க மனசு வரல அவருக்கு." ஜெயசித்ராவும் தலையை ஆட்டினார். கண்காட்சிக்கு வந்தவர்கள் எல்லாருமே காலையிலிருந்து அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

"அதில்ல அண்ணே" என்றாள் லில்லி.

எழுந்து முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

"அவரு என்னக் கேட்டாரு. புள்ள போயி ஒரு மாசம் இருக்கும். சோறு துன்னுக்கினு இருக்கசொல்ல, 'அவளுக்கு வகிடு எப்பிடி எடுப்ப'ன்னு கேட்டாரு. வேலைக்குப் போற மனுஷன், அவரு எங்க பாத்தாரு? தெனம் காலையில அவ பின்னால குந்திக்கினு பின்னி உட்டது நான். அவ பின்னந்தல எனக்குத்தான் தெரியும். எதுக்குக் கேக்கறாருன்னு எனக்குத் தெரியல. அவ பேச்ச எடுத்தாரேன்னு சோத்துத் தட்டத் தூக்கி அடிச்சேன். அப்பால அவரு கேக்கவே இல்ல."

எங்கள் எல்லாருடைய விளக்கமும் அங்கேயே செத்தது. அந்த மனிதர் அவள் என்றைக்காவது சொல்வாள் என்று அந்த இடத்தை வெள்ளையாக விட்டு, சுருட்டி, பரணில் வைத்துவிட்டு, ஊரில் செத்தவர்களின் முதுகையெல்லாம் வரைந்துகொண்டிருந்திருக்கிறார்.

லில்லி பலகைக்கு முன்னால் வந்து நின்றாள். கையை நீட்டி அந்த வெள்ளையில், ஒரு பிள்ளையின் உச்சந்தலை இருக்கிற இடத்தில், விரலை வைத்தாள். பெயிண்ட் எதுவும் இல்லை, வெறும் விரல்தான்.

"ஏங்க" என்றாள், எங்களிடம் அல்ல. "நேர் வகிடு எடுக்க வராதுங்க அவளுக்கு. ரெட்டைச் சுழி. ரெண்டு கல்யாணம் பண்ணுவான்னு எங்கம்மா சிரிக்கும். இந்தாண்ட ஒண்ணு, அந்தாண்ட ஒண்ணு. கொஞ்சம் எடப்பக்கமாத் தள்ளி, இப்பிடி எடுக்கணும்."

உச்சியிலிருந்து கழுத்துவரை விரலால் மெதுவாகக் கோடு இழுத்தாள். பிறகு முடியை இரண்டாகப் பிரிக்கிறவள் மாதிரி கையை வைத்துக்கொண்டு, அடுத்து என்ன செய்வதென்று தெரியாமல் நின்றாள்.